கிறிஸ் கத்தியா, குத்துவாளா?

வெள்ளாமை வெட்டுக்கு முந்திய நாட்களில் களுவாஞ்சிக்குடிப் பக்கத்துக் கொல்லன் பட்டறை ஒன்றில் தாக்கத்தி தீட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டார். இரண்டு பக்கமும் கூர், ஊசி போன்ற முனை, கறுத்த பிடி. இரண்டாம் உலகப் போரின் கொமாண்டோ வீரர்கள் வைத்திருந்த ஆயுதம். "இது கிறிஸ் கத்தி மனே" என்றார் பட்டறைக்காரர். நான் குத்துவாள் என்றேன். "வாளெண்டா மரம் அரியிறது தானே?" என்று அவர் திருப்பிக் கேட்டார். நல்ல கேள்வி. இரண்டு சொற்களையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

கிறிஸ் என்பது மலாய், ஜாவா மொழிகளின் 'கெரிஸ்'. ஒல்லாந்தர் காலத்தில் அந்தத் தீவுகளிலிருந்து இலங்கைக்குப் படையாட்களாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு ஆயுதமும் வந்தது, பெயரும் வந்தது. பிரித்தானியர் காலத்திலும் மலாய்ப் படைப்பிரிவு இருந்தது. அதன் தொடர்ச்சியான இலங்கை ரைஃபிள் படை 1873இல்தான் கலைக்கப்பட்டது. சிங்களத்தில் குத்துவாளுக்குக் 'கிரிச்சிய' என்று சொல்வதும் இந்தச் சொல்லிலிருந்துதான். நம் பக்கத்தில் அது இருபுறக் கூருள்ள எந்தக் கத்திக்கும் பெயராகிவிட்டது. 2011இல் மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களை இரவில் தூங்கவிடாமல் செய்த கிறீஸ் பூதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது உடம்பில் மசகு (கிறீஸ்) பூசிக்கொண்டு வரும் மர்ம மனிதர் என்ற பீதி.

உண்மையான கெரிஸைப் பார்த்தவர்கள் அதைக் கொமாண்டோக் கத்தியோடு குழப்பமாட்டார்கள். அதன் அலகு பிடிக்குப் பக்கத்தில் ஒரு பக்கமாக அகன்றிருக்கும். சிலவற்றில் பாம்பு ஊர்வதுபோல வளைவுகள் ஓடும், அவற்றை ஒற்றைப்படையில்தான் அமைப்பார்கள்; நேரான அலகுள்ளவையும் உண்டு. வேறுவேறு இரும்புகளை மடித்து மடித்து அடிப்பதால் அலகில் நீரோட்டம் போன்ற கோலம் தெரியும். ஜாவாவில் அது குலச்சொத்து, பூசைக்குரிய பொருள். இந்தோனேசியக் கெரிஸை யுனெஸ்கோ 2008இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெயரை எல்லாக் கத்திக்கும் பொதுவாக வைத்துவிட்டால், அந்தத் தனிப் பொருளுக்குச் சொல் இல்லாமல் போய்விடும்.

சரி, இளைஞர் காட்டிய படத்துக்கு வருவோம். ஷாங்காய் நகரப் பொலிஸில் வேலை செய்த ஃபேர்பேர்ன், சைக்ஸ் என்ற இருவர் வகுத்த வடிவம் அது. லண்டன் வில்கின்சன் சுவோர்ட் நிறுவனம் 1941 ஜனவரியில் அதைச் செய்து கொடுக்கத் தொடங்கியது. முகச்சவர அலகில் நாம் பார்த்த அதே வில்கின்சன் பெயர்தான். அலகு ஏறத்தாழ 7 அங்குலம். நடுவில் நீளத்துக்கு ஒரு முதுகு எழும்பி, அங்கிருந்து இரண்டு பக்கமும் சரிந்து கூராகும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் சாய்சதுரம். அந்த முதுகு இருப்பதால்தான் இவ்வளவு ஒடுங்கிய அலகு வளையாமல் நிற்கிறது. கை அலகுக்கு வழுக்காமல் இருக்க ஒரு குறுக்குப் பட்டை. நடுவில் பருத்து இரு நுனியும் ஒடுங்கிய பிடி. முதலில் பிடியில் சொரசொரப்பாகக் குறுக்குக் கோடுகள் வெட்டினார்கள். பிறகு போர்க்காலத்தில் மலிவாகவும் வேகமாகவும் செய்ய வேண்டியிருந்ததால் வளையம் வளையமாக வார்த்த பிடி வந்தது.

இந்த அமைப்பு முழுவதும் ஒரே வேலைக்கானது: குத்துவது. நெல் மூடைக்குள் குத்தூசி இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு இது உதவாது. தகரப் பேணி திறக்கப் பயன்படுத்தினால் மெல்லிய முனை முறிந்துவிடும் என்பதே இதைப்பற்றி அப்போதே எழுந்த குறை. அமெரிக்க மரைன் படை 1942இல் எடுத்துக்கொண்ட கேபார் என்ற கத்தி இதற்கு மாறானது: ஒரு பக்கக் கூர், தடித்த முதுகு, பெட்டி உடைக்கவும் தடி சீவவும் தாங்கும். ஆகவே கேபாரைப் போர்க்கத்தி என்னலாம், குத்துவாள் என்பது தவறு.

அப்புறம் பட்டறைக்காரரின் கேள்வி. நம் தச்சர்களுக்கு வாள் என்றால் மரம் அரிவதுதான், அதில் பிழையில்லை. ஆனால் பழந்தமிழில் வாள் என்ற சொல்லுக்கு ஒளி என்றும் பொருள் உண்டு. தீட்டிய இரும்பு மின்னுவதைப் பார்த்தால் இரண்டு பொருளும் ஏன் ஒரு சொல்லில் இருக்கின்றன என்று புரியும். குத்துவாள் என்பதில் 'குத்து' அதன் தொழிலைச் சொல்கிறது, 'வாள்' அதன் அலகைச் சொல்கிறது. இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

வேறு சொற்களும் இருக்கின்றன. இடையில் செருகும் சிறு வாளுக்குச் 'சுரிகை' என்ற சொல் பெரும்பாணாற்றுப்படையிலேயே வருகிறது. அது வடமொழிக் 'க்ஷுரிகா'வோடு உறவுள்ளது. பிச்சுவா இந்தியில் தேளைக் குறிக்கும் பிச்சு என்பதிலிருந்து வந்தது, தேள் கொடுக்குப்போல் வளைந்த கத்தி. இதற்கெல்லாம் கட்டாரி என்று எழுதுவோரும் உண்டு. அதை ஏற்க முடியாது. கட்டாரியின் பிடி அலகுக்குக் குறுக்கே இருக்கும், முட்டியை மடித்துப் பிடித்து நேரே குத்த வேண்டும், கைப்பிடிப்பே வேறு.

ஒரு சொல்லை மட்டும் விட மனமில்லை. இத்தாலியர் தங்கள் ஒடுங்கிய குத்துவாளை ஸ்டிலெட்டோ என்கிறார்கள். அதன் வேர் லத்தீன் 'ஸ்டிலுஸ்', அதாவது எழுத்தாணி. வைகாசியில் நம் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடப்படும் கண்ணகி கதையான வழக்குரையை ஏட்டில் கீறித் தந்ததும் ஓர் எழுத்தாணிதான்.

இதையெல்லாம் சொன்னபோது பட்டறைக்காரர் தாக்கத்தியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப குத்துக்கத்தி எண்டு சொன்னாப் பிழையா?" பிழையில்லை. எழுத்தில் குத்துவாள், பேச்சில் குத்துக்கத்தி. இரண்டும் அந்தப் பொருளையே சொல்கின்றன.