ஐயாயிரம் வாட்ஸ் பெட்டியும் பத்துக்குப் பன்னிரண்டு ஹாலும்

ஹோம் தியேட்டர் பெட்டியின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 5000 வாட்ஸ் என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. புதுச்சேரி நேரு வீதியானாலும் கடலூர் லாரன்ஸ் ரோடானாலும், கடைக்குப் போகிறவர்களில் பலர் அந்த எண்ணை வைத்துத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள், அல்லது கூட வரும் அடாப்டரைப் புரட்டிப் பாருங்கள். 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். 36 வாட்ஸ். உள்ளே போவது 36 என்றால் வெளியே தொடர்ந்து வருவது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆற்றல் அழியா விதி விளம்பரத்துக்காக வளைந்து கொடுப்பதில்லை.

பி.எம்.பி.ஓ. என்பது கண்ணிமைக்கும் நேரத்துக்குப் பெட்டி எட்டக்கூடிய உச்சம் என்று தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் கணக்கு. அதை அளக்க எல்லாரும் ஒப்புக்கொண்ட முறை கிடையாது. நாம் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதாவது ஒலி கரகரக்காமல் தொடர்ந்து தரக்கூடிய அளவு. ஊரில் அசெம்பிள் செட் போட்டுத் தரும் மெக்கானிக்குகள் இதில் தெளிவானவர்கள். முதலில் டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். 12-0-12, 5 ஆம்பியர் என்றால் இரண்டு பாதியும் சேர்ந்து 24 வோல்ட், மொத்தக் கையிருப்பு 120 வாட்ஸ்தான். அதிலும் ஒரு பங்கு ஹீட்சிங்க் என்ற உலோகத் தகடு வழியே வெப்பமாகப் போய்விடும்.

சரி, எத்தனை வாட்ஸ் வேண்டும்? நம் காது கூட்டல் கணக்கில் கேட்பதில்லை, பெருக்கல் கணக்கில் கேட்கிறது. 25 வாட்ஸை 50 ஆக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் (சத்தத்தை அளக்கும் அலகு) ஏறும். உற்றுக் கேட்டால் கொஞ்சம் கூடியிருப்பது தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தம் என்று காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்கு 25 வாட்ஸ் 250 ஆக வேண்டும். ஆகவே 40 வாட்ஸுக்கும் 60 வாட்ஸுக்கும் நடுவே விலை எகிறினால், கூடுதல் பணத்தை வேறு இடத்தில் போடலாம்.

அந்த வேறு இடங்களில் ஒன்று ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்பதுதான் அது. 84 டெசிபெல் ஸ்பீக்கர் 100 வாட்ஸ் தின்று எழுப்பும் சத்தத்தை 90 டெசிபெல் ஸ்பீக்கர் 25 வாட்ஸிலேயே எழுப்பிவிடும். 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 3 மீட்டர் தள்ளி சோஃபாவில் உட்கார்ந்தால் 80 டெசிபெல்லை ஒட்டிக் கேட்கும். சாதாரணப் பேச்சு 60 டெசிபெல் அளவுதான். அதனால் ராத்திரி படம் பார்க்கும்போது ஸ்பீக்கருக்குப் போவது பெரும்பாலும் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. படத்தில் திடீரென்று வெடி வெடித்து ஒலி 20 டெசிபெல் எகிறும்போது மட்டும் 100 மடங்கு தேவைப்படும், அதாவது 10 வாட்ஸ். ஆக, நிஜமான 30, 40 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். இருந்தால் நம் வீட்டு ஹாலுக்குத் தாராளம்.

இதுவரை சொன்னது பெட்டிக் கணக்கு. ஒரே பெட்டி கடையில் ஒரு மாதிரியும் வீட்டில் வேறு மாதிரியும் ஒலிப்பது ஹாலின் வேலை. குறைந்த பட்ஜெட்காரர் கவனிக்க வேண்டியது இதைத்தான், ஏனென்றால் இதில் பாதிக்கு மேல் செலவே இல்லாத வேலை.

நம் கடலோர வெக்கையில், 30 டிகிரியில், ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும். 1000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1000 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை 35 சென்டிமீட்டர். பாஸ் என்கிற கனத்த அடித்தொனிக்கென்றே இருக்கும் சப்வூஃபர் பெட்டி தரும் 50 ஹெர்ட்ஸ் அலையோ சுமார் 7 மீட்டர், அதாவது 23 அடி. ஹாலே 12 அடிதான். அறையைவிடப் பெரிய அலை சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, தன்னோடு தானே கலந்து ஓரிடத்தில் நிலைகொள்கிறது. அண்டாவில் தண்ணீர் பிடித்து ஆட்டினால் இரண்டு ஓரங்களிலும் ஏறி இறங்கும், நடுவில் மட்டம் அசையாதது போலிருக்குமே, அதே கதைதான். 12 அடி நீளத்தில் இப்படி ததும்பும் முதல் அதிர்வெண் 48 ஹெர்ட்ஸ். அந்த ஒலி சுவரோரம் குமுறும், ஹாலின் நடுமத்தியில் காணாமல் போகும். சோஃபாவைச் சரியாக நடுவில் போட்டவர் பாஸ் வரவில்லை என்று பெரிய சப்வூஃபருக்கு அலைவார். பின்சுவரில் ஒட்டிப் போட்டவர் காது அடைக்கிறது என்று சொல்வார். இருவரும் சோஃபாவை இரண்டடி நகர்த்தினால் போதும்.

நம்மூர் வீடுகளில் இன்னொரு வினை உண்டு. ஹால் அகலம் 10 அடி, உயரமும் 10 அடி. இரண்டுக்கும் ததும்பும் அதிர்வெண் 57 ஹெர்ட்ஸ்தான். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்வதால் குறிப்பிட்ட ஒரு ‘டும்’ மட்டும் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். பாட்டில் எந்த டிரம் வந்தாலும் ஒரே டிரம் போலக் கேட்கிறது என்று சொல்வார்களே, காரணம் பெரும்பாலும் இதுதான்.

சப்வூஃபரை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு வேடிக்கையான, ஆனால் இயற்பியல் ஒத்துக்கொள்கிற வழி உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நாம் உட்காரும் சோஃபாவின் மேலேயே வையுங்கள். பாஸ் நடை சீராக இருக்கும் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு நோட்டும் குமுறாமல், தொலையாமல் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்தால், சோஃபாவில் அதே ஒலி கிடைக்கும். ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் நடுவிலுள்ள பாதை மாறுவதில்லை என்ற விதி 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த ஒன்று. ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு அதை விரிவாக எழுதியிருக்கிறார். வீட்டில் யாராவது பார்த்துச் சிரிப்பார்கள், அது வேறு விஷயம். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது பிடிப்பது கடினம் என்பதால், பெட்டி ஷோகேஸ் பக்கம் போனாலும் கதவோரம் போனாலும் பிரச்சினை இல்லை.

பாஸுக்கு இடம் பார்ப்பது மருந்து என்றால், பேச்சுக்குத் துணிமணிதான் மருந்து. 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய சொற்பொழிவு அரங்கில் பேசினால் ஒன்றுமே புரியவில்லை. ஒரு சொல் எழுந்து அடங்க 5 நொடிக்கு மேல் ஆயிற்று. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் தூக்கி வந்து போட்டு, ஆர்கன் குழலை ஊதவிட்டு, ஸ்டாப்வாட்சில் அளந்தார். அறையின் கொள்ளளவு கூடினால் எதிரொலி நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்று அதிலிருந்து அவர் எடுத்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அவர் உறிஞ்சலை அளக்க எடுத்துக்கொண்ட அலகு, திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பி வராது, ஆகவே முழு உறிஞ்சல்.

இதை வைத்துப் புதுச்சேரி வீடுகளைப் பாருங்கள். பிரெஞ்சுக் குடியிருப்பின் பழைய வீடுகளில் உயர்ந்த கூரை, சுண்ணாம்புப் பூச்சு. கொள்ளளவு அதிகம், உறிஞ்சல் குறைவு, அதனால் வசனம் இழுபடும். தமிழ்ப் பகுதியில், வைசியாள் வீதி மாதிரி இடங்களில், முற்றம் வைத்த வீடென்றால் வானத்தைப் பார்த்த அந்தத் திறப்பே சபைனின் பெரிய ஜன்னல். மழைக்காலத்தில் அதன் பக்கத்தில் ஆம்ப்ளிஃபையர் வைக்க யாருக்கும் துணிவு வராது என்பதுதான் சிக்கல். இப்போது கட்டும் அபார்ட்மென்ட்டில் டைல்ஸ் தரை, பட்டி பார்த்த சுவர். மேலே விழும் ஒலியில் 100க்கு 2, 3 பங்குதான் இவை விழுங்கும்.

ஒரு கனத்த ஜன்னல் ஸ்க்ரீன், துணி சோஃபா, சுவரில் சாத்தி வைத்த இலவம்பஞ்சு மெத்தை, நான்கு பேர் உட்கார்ந்திருப்பது, எல்லாம் சேர்ந்தால் வசனம் தெளிந்துவிடும். கோரைப்பாய் மெல்லியது, உச்சஸ்தாயியை மட்டும் கொஞ்சம் மட்டுப்படுத்தும். முட்டை அட்டையைச் சுவரெங்கும் ஒட்டுவது வீண் வேலை, தீப்பிடிக்கவும் வழி. துணியும் பஞ்சும் நன்றாக உறிஞ்ச, தடிமன் அலையின் கால் பங்கை நெருங்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸுக்கு அது 9 சென்டிமீட்டர், 50 ஹெர்ட்ஸுக்கு ஒன்றே முக்கால் மீட்டர். பாஸை ஸ்க்ரீன் துணியால் அடக்க முடியாததும் இதனால்தான்.

அப்புறம் எத்தனை ஸ்பீக்கர்? அதே பணத்துக்கு மோசமான ஐந்தைவிட நல்ல இரண்டு மேல் என்பது என் கருத்து. ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனியாகப் பிரித்த 5.1 கலவையில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். பின்னால் வைக்கும் இரண்டுக்கு எப்போதாவதுதான் வேலை. நடு ஸ்பீக்கர் இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபையரோ டிவியோ வசனத்தை இடம் வலம் இரண்டுக்கும் சமமாகப் பிரித்துத் தரும். நேர் நடுவில் உட்கார்ந்தவருக்கு அது டிவியிலிருந்தே வருவது போலிருக்கும். ஒரு ஸ்பீக்கருக்கு மற்றதைவிட இரண்டடி கிட்டே உட்கார்ந்தவருக்கு அதன் ஒலி ஒன்றே முக்கால் மில்லி நொடி முந்தி வந்துவிடும். முந்தி வரும் ஒலியின் பக்கமே காது திரும்பும் இந்தக் குணத்தை 1949இல் ஹெல்முட் ஹாஸ் தன் ஆய்வேட்டில் அளந்து காட்டினார். ஆகவே ஒருவர் இருவர் பார்க்கும் வீட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர் போதும், குடும்பமே வரிசையாக உட்கார்ந்தால் மூன்றாவதாக நடு ஸ்பீக்கரை வாங்குங்கள். பின் ஸ்பீக்கர்கள் அடுத்த போனஸுக்குக் காத்திருக்கட்டும்.

ஸ்பீக்கர் கேபிள் என்று தனியாக விற்பதற்குச் செலவழிக்க வேண்டாம். எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் 5 மீட்டர் ஓடினால், போக வர மொத்த மின்தடை 0.12 ஓம் அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. நம் ஊரில் கவனிக்க வேண்டியது உப்புக் காற்று. முனைகள் பச்சை பிடிக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள்.

காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையிலோ தெரிந்தவரிடமோ பழைய ஸ்பீக்கர் வாங்கினால் கோனை, அதாவது முன்னும் பின்னும் அதிரும் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் லேசாக அழுத்துங்கள். ஃபோம் வளையம் நம் ஈரப்பதத்தில் உளுத்து உதிரும், ரப்பர் வளையம் தாங்கும். கோனை இரண்டு கையாலும் மெல்ல உள்ளே தள்ளினால் உரசல் கேட்கக் கூடாது. மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் சொச்சம் காட்டினால் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) நன்றாக இருக்கிறது. பிளஸ், மைனஸ் குறி அழிந்திருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே எம்பினால் பேட்டரியின் பிளஸ் பட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றை மட்டும் மாற்றி இணைத்துவிட்டால் ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும், பாஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். அப்படியானால் ஒரு பக்கத்து வயரை மாற்றிச் சொருகினால் போதும்.