நான்காவது மாதத்தில் ஊக்கம் எங்கே போகிறது?

எடையைக் குறைக்கத் தொடங்குபவர்களுக்கு முதல் இரண்டு வாரங்கள் பெரும்பாலும் இனிமையாகவே கழிகின்றன. உணவைக் குறைத்த ஓரிரு நாளிலேயே எடைக் கருவியின் எண் இறங்கத் தொடங்கி, பத்து நாளில் இரண்டு கிலோ, சிலருக்கு அதற்கும் மேல் குறைந்துவிடுகிறது. இந்த வேகத்துக்குக் கொழுப்பு கரைவது மட்டும் காரணமன்று. நம் கல்லீரலும் தசைகளும் சேர்ந்து ஏறத்தாழ 500 கிராம் அளவுக்குக் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. உண்ணும் அளவு குறைந்ததும் உடல் முதலில் கைவைப்பது இந்தச் சேமிப்பில்தான். அது செலவாகும்போது அதைச் சேர்ந்த நீரும் வெளியேறிவிடுகிறது. தொடக்கத்தில் இறங்கும் எடையில் பெரும் பங்கு இந்த நீர்தான். சேமிப்பு வற்றியதும் வேகம் குறைந்துவிடும். ஆனால் மனமோ அந்த முதல் இரண்டு வாரத்து வேகத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டிருக்கும். மூன்று, நான்கு மாதம் கழித்து வரும் சோர்வுக்கான விதை இங்கேயே விழுந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொள்ள, வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் உதவுகின்றன. எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தபோது குரங்கின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் துடிப்புடன் இயங்கின. ஒரு சைகைக்குப் பிறகு சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின்னர், அதே அணுக்கள் சைகையைக் கண்டதும் கிளர்ந்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. சைகை வந்தும் சாறு வராமற்போனால், வரவேண்டிய அந்தக் கணத்தில் அவற்றின் இயக்கம் வழக்கமான நிலைக்கும் கீழே தாழ்ந்தது. அந்த அணுக்கள் குறித்துக்கொண்டது எவ்வளவு கிடைத்தது என்பதை அன்று. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. குரங்கின் சில நொடி அனுபவத்தை மனிதரின் பல மாத முயற்சியின் மீது அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆயினும், ஒரே 300 கிராம் இழப்பு ஒருவருக்கு முதல் முறை மகிழ்ச்சியையும் நான்காம் மாதத்தில் ஏமாற்றத்தையும் தருவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றாது.

எதிர்பார்ப்பு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதற்கு 1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சான்று. உடற்பருமன் கொண்ட 60 பெண்களிடம் இலக்கு எடை கேட்கப்பட்டபோது, தங்கள் உடல் எடையில் சராசரியாக 32 விழுக்காடு குறைய வேண்டும் என்றார்கள். ஏறத்தாழ ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின் அவர்கள் சராசரியாக 16 கிலோ குறைந்திருந்தார்கள். மருத்துவ நோக்கில் இது பெரிய வெற்றி. ஆனால் ‘இதுதான் கிடைக்குமென்றால் ஏமாற்றமே’ என்று தாங்களே தொடக்கத்தில் குறித்துக்கொடுத்த எடையைக்கூட அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் எட்டவில்லை. எடையில் 7 விழுக்காட்டை இலக்காக வைத்து உணவையும் நடையையும் சீராக்கியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்ததாக 2002-இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு காட்டியது. உடலுக்கு நன்மை செய்யும் அளவும் மனம் வெற்றி என்று ஒப்புக்கொள்ளும் அளவும் இவ்வளவு தொலைவில் இருந்தால் ஊக்கம் வடிந்துபோவதில் வியப்பில்லை.

எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொண்டாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. நாள்தோறும் நாம் நம்பும் அந்த எண்ணே பல நாள் தவறான செய்தியைச் சொல்கிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஒருவர் தம் தேவையைவிட நாளொன்றுக்கு 400 கிலோ கலோரி குறைவாக உண்கிறார் என்றால் அவர் அன்று இழக்கும் கொழுப்பு சுமார் 52 கிராம். ஒரு குவளைத் தண்ணீர் 250 கிராம். அதாவது, கருவியில் ஏறுவதற்கு முன் குடித்த ஒரு குவளைத் தண்ணீர் ஐந்து நாள் உழைப்பை மறைத்துவிடும். முந்திய நாள் இரவு உப்புக் கூடுதலாக உண்டாலும், குடலில் கழிவு தங்கியிருந்தாலும், புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சியால் தசைகள் நீர் கோத்துக்கொண்டாலும், பெண்களுக்கு மாதவிடாய் நெருங்கினாலும் எடை ஒரு கிலோ வரை, சில வேளை அதற்கும் மேலே ஏறி இறங்கும். 52 கிராம் செய்தியை ஒரு கிலோ இரைச்சலுக்குள் தேடுகிறோம்.

இதைச் சற்றுக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். கற்பனையாக ஒருவரின் இரண்டு வாரத்துக் காலை எடையை எடுத்துக்கொள்வோம். முதல் வாரம்: 82.4, 82.1, 82.9, 82.6, 82.2, 81.9, 82.5. இரண்டாம் வாரம்: 82.2, 81.8, 82.3, 82.7, 81.6, 81.5, 82.0. பதினோராம் நாள் காலையில் இவர் 82.7 என்ற எண்ணைப் பார்க்கிறார். பத்து நாள் வாயைக் கட்டியும் தொடங்கிய நாளைவிட 300 கிராம் கூடியிருக்கிறது. அந்தக் காலை நேரத்தில்தான் பலர் முயற்சியைக் கைவிடுகிறார்கள். ஆனால் முதல் வாரத்தின் சராசரி 82.37, இரண்டாம் வாரத்தின் சராசரி 82.01. வித்தியாசம் 360 கிராம். ஏழு நாளைக்கு 52 கிராம் வீதம் கணக்கிட்டால் வரும் 364 கிராமுக்கு ஏறக்குறைய சமம். அவர் செய்தது அத்தனையும் சரியாகவே வேலை செய்துகொண்டிருந்தது. அதை எந்த ஒரு நாளின் எண்ணும் அவருக்குச் சொல்லவில்லை. ஆகவே எடை பார்ப்பவர்கள் தனி நாளின் எண்ணை விட்டுவிட்டு வாரச் சராசரியை ஒப்பிடுவது மனத்தைத் தேற்றிக்கொள்ளும் உத்தி அன்று, சரியாக அளக்கும் முறை. உணவு குறித்த அச்சமோ உண்ணுதல் சார்ந்த மனநோயோ இருந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் அடிக்கடி எடை பார்க்க வேண்டாம்.

இனி, உண்மையாகவே எடை இறங்காமல் நிற்கும் நாள்களும் உண்டு; அவற்றின் காரணம் உடலுக்குள் இருக்கிறது. கொழுப்பணுக்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கின்றன. ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு 1994-இல் இதற்கான மரபணுவைக் கண்டறிந்தது. கொழுப்பு குறையும்போது லெப்டினும் குறைகிறது. இரைப்பை சுரக்கும் பசி ஹார்மோனான கிரெலின் கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 50 பேர் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவை உண்டு எடை குறைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அவர்களின் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. பசியும் கூடுதலாகவே இருந்தது.

இந்தப் பசி எவ்வளவு என்பதை அளந்த முறை மிக நுட்பமானது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் ஒரு நீரிழிவு மருந்தை உட்கொண்டவர்கள், தங்களை அறியாமலே நாள்தோறும் கலோரியை இழந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் உணவுக் கட்டுப்பாட்டில் இல்லை. எடை குறைக்க வேண்டும் என்று முனையவும் இல்லை. அவர்களின் ஓராண்டு எடை மாற்றத்திலிருந்து உண்ணும் அளவைக் கணக்கிட்ட அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலும் அவருடைய சகாக்களும், இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிலோ கலோரி அளவுக்குப் பசி கூடுகிறது என்று 2016-இல் அறிவித்தார்கள். உடல் செலவிடும் ஆற்றலோ கிலோவுக்கு 20 முதல் 30 கிலோ கலோரி வரை குறைகிறது. பத்துக் கிலோ குறைத்தவருக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். தொடக்க நாளில் செய்த அதே முயற்சியை இன்றும் செய்பவர் உண்மையில் பல மடங்கு வலுவான பசியை எதிர்த்து நிற்கிறார். ‘முன்பு இருந்த மனவுறுதி இப்போது இல்லை’ என்று தம்மைத் தாமே நொந்துகொள்பவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்றிருக்கும். உறுதி அப்படியேதான் இருக்கிறது. சுமைதான் கூடியிருக்கிறது.

கடுமையாகப் பட்டினி கிடந்தால் விரைவில் முடிந்துவிடும் என்பவர்களுக்கு, இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் நடத்திய சோதனை நினைவில் இருக்க வேண்டும். உடல்நலம் மிக்க 36 இளைஞர்கள் ஆறு மாதம் அரைவயிற்று உணவில் வைக்கப்பட்டார்கள். அவர்கள் எந்நேரமும் உணவையே எண்ணினார்கள்; மற்ற எதிலும் நாட்டமின்றிச் சோர்ந்துபோனார்கள். அளவுக்கு மீறிய பசி, எந்த முயற்சிக்கும் வேண்டிய ஊக்கத்தையே தின்றுவிடுகிறது. தூக்கக் குறைவும் இதற்குத் துணைபோகிறது. சிகாகோவில் நடந்த ஒரு சிறு ஆய்வில், ஒரே அளவு உணவை உண்டவர்கள் எட்டரை மணி நேரம் படுக்கையில் கழித்த இரண்டு வாரத்தில் 1.4 கிலோ கொழுப்பை இழந்தார்கள். ஐந்தரை மணி நேரமே படுத்த இரண்டு வாரத்தில் 0.6 கிலோவைத்தான் இழந்தார்கள். பசியும் கூடியிருந்தது.

அப்படியானால் ஏறி இறங்கும் ஊக்கத்தின் தலையில் முழுச் சுமையையும் ஏற்றாமல் இருக்க வேண்டும். அதற்கு உதவுவது பழக்கம். லண்டனில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை ஆராய்ந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலைத் தேர்ந்து, நாள்தோறும் நடக்கும் ஒரு நிகழ்வோடு, எடுத்துக்காட்டாக ஒரு வேளை உணவோடு, அதைப் பிணைத்துச் செய்துவந்தார்கள். அச்செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை அடைய எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி 22-ஆம் நாள் சோர்ந்துபோவது வீண். ‘இன்று எப்படியாவது நடப்பேன்’ என்பதைக் காட்டிலும் ‘இரவு உணவுத் தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டுவேன்’ என்பது வலுவானது. ஏனெனில் செருப்பை மாட்டுவதை நினைவூட்டும் வேலையை அந்தத் தட்டே பார்த்துக்கொள்கிறது.

அதே ஆய்வில், ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. சறுக்கலை விட, சறுக்கிய பின் மனம் சொல்லும் கதையே ஆபத்தானது. 1975-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற சோதனையில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் முதலில் மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு வேண்டிய அளவு ஐஸ்கிரீம் உண்ணச் சொன்னார்கள். கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் வயிறு நிறைந்ததால் குறைவாக உண்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, தங்களைப் போலவே கட்டுப்பாட்டில் இருந்து மில்க்‌ஷேக் கொடுக்கப்படாதவர்களைவிடக் கூடுதலாக உண்டார்கள். ‘இன்றைய விரதம் கெட்டுவிட்டது, இனி எவ்வளவு தின்றால் என்ன’ என்ற எண்ணம் அது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வேளையின் மிகை சில நாள் சேமிப்பைத்தான் அழிக்கும். அந்த எண்ணமோ பல மாத உழைப்பையும் அழித்துவிடக் கூடியது.

யாருக்காக எடை குறைக்கிறோம் என்பதும் நீண்ட ஓட்டத்தில் வேறுபாட்டை உண்டாக்குகிறது. பிறர் வற்புறுத்தியோ வெட்கப்பட்டோ வந்தவர்களைவிட, தமக்கே அது முக்கியம் என்று கருதி வந்தவர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்தும் எடையைக் கூடுதலாகக் காத்துக்கொண்டிருந்ததை 1996-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். வீட்டில் ஒருவர் எடையைக் குறைக்க முயலும்போது, அக்கறையோடு சொல்லப்படும் கேலிகூட எதிர்த்திசையில்தான் இழுக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் பிறகும் பசி தொடரும் என்றால் இந்தப் பாடு என்று முடியும் என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கப்பட்ட தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், 13.6 கிலோவோ அதற்கு மேலோ குறைத்து ஓராண்டாவது காத்தவர்கள் சேர்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், குறைத்த எடையை இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை காத்துவிட்டவர்களுக்கு அதற்குப் பின் எடை திரும்ப ஏறும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. எடையைக் காத்த காலம் நீண்டிருந்தவர்கள், அதே எடையில் நிற்பதற்கு முன்னளவு முயற்சி இப்போது தேவைப்படவில்லை என்றார்கள்.