செருகுநிரல்

தி.நகரில் புடவைக் கடை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் கூப்பிட்டார். "சார், நம்ம வெப்சைட்ல தீபாவளிக்குப் போட்ட பக்கத்தைத் தூக்கிட்டேன். இப்ப அந்த லிங்க்கைத் தட்டினா இங்கிலீஷ்ல 404னு வருது. அதை நம்ம கடை மாதிரி மாத்த ஒரு ப்ளக்-இன் இருக்காமே?"

இருக்கிறது, நிறையவே. ஆனால் எனக்கு அந்தச் சொல் மேல்தான் கண் போயிற்று.

'ப்ளக்' 17-ஆம் நூற்றாண்டில் டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பீப்பாயின் ஓட்டையை அடைக்கும் தக்கைதான் அதன் பழைய பொருள். மின்சாரம் வந்த பிறகு சுவர்த் துளையில் மாட்டுவதும் ப்ளக் ஆனது. சென்னையில் மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் கேட்டால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கணினிக்காரர்கள் அதிலிருந்து கடன் வாங்கினார்கள். பெரிய மென்பொருளைப் பிரித்து மேயாமல், வெளியிலிருந்து சேர்த்துக் கூடுதல் வேலை வாங்கும் சின்ன நிரலுக்கு, அதாவது புரோகிராமுக்கு, அந்தப் பெயர். இணையதளம் அமைக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இந்த வசதி 2004-இல், 1.2 பதிப்பில் வந்தது.

தமிழில் செருகுநிரல், சொருகி, நீட்சி என்று பல சொற்கள் புழங்குகின்றன. என் ஓட்டு செருகுநிரலுக்கு. செருகு, சொருகு இரண்டும் ஒன்றுதான்; பேச்சில் சொருகு. கொசுவத்தைச் செருகுகிறோம், கொண்டையில் பூச் செருகுகிறோம். புடவைக் கடைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 'நிரல்' என்றால் வரிசை. தொல்காப்பியம் சொல்லும் 'நிரல்நிறை'யில் இருப்பது அதே நிரல்தான். கட்டளைகளை வரிசையாக அடுக்கியதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. சொருகி சுருக்கமாக இருந்தாலும் சுவர் ப்ளக்கைத்தான் நினைவூட்டுகிறது. நீட்சியை உலாவிகளுக்கு (பிரவுசர்களில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷனுக்கு) விட்டுவிடலாம்.

பெயர்தான் செருகுநிரல், நடப்பதென்னவோ மாட்டுவது. வேர்ட்பிரஸ் தன் உள்ளே அங்கங்கே கொக்கிகளை விட்டுவைத்திருக்கிறது. நிரல் எழுதுபவர்களும் அவற்றை 'ஹூக்', அதாவது கொக்கி என்றுதான் சொல்கிறார்கள். செருகுநிரல் அதில் போய்த் தொங்கிக்கொண்டு, 'பக்கம் இல்லை என்று காட்டும் நேரம் வந்தால் என்னைக் கூப்பிடு' என்று காத்திருக்கும். வழக்கமாக அந்தப் பக்கத்தின் தோற்றம், தளத்துக்கு உருவம் கொடுக்கும் 'தீம்' (theme) என்ற தொகுப்பில் உள்ள ஒரு கோப்பில்தான் இருக்கும். அதில் நேரடியாகக் கைவைத்தால் அந்த 'தீம்' தொகுப்பைப் புதுப்பிக்கும்போது மாற்றமெல்லாம் அழிந்துபோகும். செருகுநிரல் போட்டால் அந்தக் கவலை இல்லை. சாதாரணமாக ஒரு பக்கம் எழுதி, 'இதுதான் 404' என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

அந்த 404, தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வர் அனுப்பும் பதில் எண். 4-இல் தொடங்கினால் கேட்டவர் தரப்பில் கோளாறு என்று கணக்கு. இதைப் பலர் 'பக்கம் காணவில்லை' என்று தமிழாக்குகிறார்கள். எனக்கு உடனே சுவரொட்டியும் போட்டோவும்தான் ஞாபகம் வருகிறது. 'இந்த முகவரியில் பக்கம் இல்லை' என்றால் தெளிவு. பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவிலக்கம் போட்டு வாழும் சென்னைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். பக்கம் வேறு முகவரிக்குக் குடிபோயிருந்தால் 404 காட்டக்கூடாது, 301 கொடுத்துப் புது இடத்துக்கு அனுப்ப வேண்டும். மவுண்ட் ரோடு என்று கேட்பவரை அண்ணா சாலையில் கொண்டுபோய் விடுகிற மாதிரி.

சில செருகுநிரல்கள் இங்கேதான் சொதப்பும். திரையில் 'பக்கம் இல்லை' என்று அழகாகக் காட்டிவிட்டு, உள்ளுக்குள் 200 என்று அனுப்பும். 200 என்றால் 'எல்லாம் சரி'. தேடுபொறி அதை நம்பி, இல்லாத பக்கத்தையும் இருப்பதாக எண்ணிக்கொள்ளும்.

நண்பருக்கு ஒன்றைப் போட்டுக் கொடுத்து, 404 என்றே போகிறதா என்று பார்த்துவிட்டேன். வாசகம் அவருடையது: "இந்தப் புடவை வித்துப்போச்சு. உள்ளே வாங்க, வேற பார்க்கலாம்."