முயலுக்குத் தண்ணீர்: குண்டு பாட்டிலா, கிண்ணமா?

முயல் தன் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 150 மில்லி வரை தண்ணீர் குடிக்கும். கீரையும் பச்சைப் புல்லும் மிகுதியாகத் தின்றால் அளவு குறையும், உலர்புல்லும் குருணைத் தீவனமும் தின்றால் கூடும். தண்ணீர் குறைந்தால் நார் செரிக்கும் பெருங்குடல்வாயில் உணவு இறுகிக் குடலின் அசைவு மந்தமாகிறது. மேலும், உணவிலுள்ள சுண்ணாம்புச்சத்தின் பெரும்பகுதியை உறிஞ்சி, மிஞ்சியதைச் சிறுநீர் வழியே கழிக்கும் விலங்கு இது என்பதால், சிறுநீர்ப்பையில் சுண்ணாம்பு சேறுபோல் படியவும் கூடும். ஆகவே தண்ணீர் வைக்கும் கலம் வெறும் வசதி சார்ந்த பொருள் அன்று.

கூண்டுக் கம்பியில் தலைகீழாகத் தொங்கும் குண்டு பாட்டில் காற்றழுத்தத்தால் இயங்குவது. குழாயின் நுனியில் ஓர் எஃகுக் குண்டு வாயை அடைத்தபடி இருக்கிறது. சில சொட்டுகள் வெளியேறியதும் பாட்டிலின் மேற்பகுதியில் அடைபட்ட காற்று சற்றே விரிந்து, அதன் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சிறிது தாழ்கிறது. அந்தச் சிறு வேறுபாடே நீர்த்தம்பத்தைத் தாங்கி நிறுத்துகிறது. வெளிக்காற்று சுமார் 10 மீட்டர் உயர நீரையே தாங்க வல்லது என்பதால், ஒரு சாண் உயர நீர் அதற்குப் பொருட்டே அல்ல. முயல் நாக்கால் குண்டைத் தள்ளும்போது ஒரு சொட்டு இறங்குகிறது. ஈடாக ஒரு காற்றுக்குமிழி மேலேறுகிறது.

வெயில் நாளில் இதே பாட்டில் ஒழுகினால் பலரும் வாஷரைக் குறை சொல்கிறார்கள். மூடி தளர்ந்திருந்தால் அது சரிதான். ஆனால் பாதி காலியான அரை லிட்டர் பாட்டிலில் 250 மில்லி காற்று இருக்கிறது; வெப்பம் 27 பாகையிலிருந்து 37 பாகைக்கு ஏறினால் அக்காற்று சுமார் 3 விழுக்காடு விரிந்து, ஏறத்தாழ 8 மில்லி நீரை வெளியே தள்ளிவிடும். நிறைந்த பாட்டிலில் காற்று குறைவு, ஆகவே ஒழுக்கும் குறைவு. நிழலில் மாட்டுவதே இதற்கு மருந்து.

பாட்டிலின் உண்மையான குறை வேறு: அது சொட்டுச் சொட்டாகத்தான் தரும். சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முயல்கள் நிப்பிளைவிட, அதாவது நீர்க்குழாயில் பொருத்தும் சிறு முனையைவிட, திறந்த கிண்ணத்தையே விரும்பின. கிண்ணத்தில் கூடுதலாகவும் குடித்தன. நிப்பிளும் நக்கித் திறக்கும் கருவிதான் என்பதால் இது பாட்டிலுக்கும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். தலையைத் தாழ்த்தி, நீர்ப்பரப்பை நாக்கால் அள்ளுவதுதான் முயலின் இயல்பு.

எனவே கிண்ணமே முதல் தேர்வு. முயல் கவிழ்க்க முடியாத கனமான பீங்கான் கிண்ணம் நன்று. மண்சட்டி நுண்துளை வழியே நீரைக் கசியவிட்டு ஆவியாக்குவதால் உள்ளிருக்கும் நீர் குளிர்ந்திருக்கும். அதே துளைகளில் பாசி பிடிக்கும் என்பதால் இரண்டு சட்டி வைத்துக்கொண்டு, தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். முடியும் புழுக்கையும் விழும் என்பதால் நாளுக்கு இருமுறையாவது தண்ணீரை மாற்றுவது தவிர்க்க முடியாத வேலை. கழுத்தடியில் தொங்குமடிப்புள்ள பெண்முயல் அகன்ற கிண்ணத்தில் குடித்தால் அம்மடிப்பு நனைந்து புண்ணாகலாம். அதற்கு வாய் குறுகிய கிண்ணத்தைச் சற்று உயர்த்தி வைக்கலாம்.

மேலே தொட்டி, கீழே குழாய், கூண்டுக்கொரு நிப்பிள் என்ற அமைப்பு பண்ணைக்கு ஏற்றது. ஓரிரு முயலுள்ள வீட்டுக்கு மிகை.

பாட்டிலை விட மனமில்லாதவர்கள் அதைக் கிண்ணத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் விரலால் குண்டைத் தள்ளிச் சொட்டு விழுகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் குண்டு சிக்கிய பாட்டிலும் வெளிப்பார்வைக்கு நிறைந்தே தெரியும். பழைய கலத்திலிருந்து புதியதற்கு மாற்றும்போது சில நாட்கள் இரண்டையும் வைத்து, எதில் எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்த்த பிறகே பழையதை எடுக்க வேண்டும்.