ஷஃபிள்பாட்டம் என்ற பெயருக்கு கேடயம் வாங்கும் முன்

அரிதான ஆங்கிலக் குடும்பப் பெயர் உள்ளவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. சிங்கம், கேடயம், அடியில் ஒரு லத்தீன் வாசகம், பக்கத்தில் "உங்கள் குடும்ப வரலாறு" என்று அரைப் பக்கம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கிறார்கள். வம்சாவளி தேடித் தரும் எங்களிடம் அந்தப் படத்தையே ஆதாரமாகக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். போதும்.

இங்கிலாந்தில் குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது. சின்னம் தனி மனிதருக்குத்தான் வழங்கப்படும், அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்குத்தான் போகும். வழங்குவது லண்டனில் 1484 முதல் இருக்கும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ். உங்கள் பெயர் கொண்ட ஒருவர் எப்போதோ சின்னம் வாங்கியிருக்கலாம். அவர் உங்கள் நேரடித் தந்தைவழி முன்னோர் என்று ஆவணத்தோடு காட்டினால்தான் அது உங்களுடையது. ஒரே பெயர், ஒரே ஊர், ஏன், ஒரே கல்லறைத் தோட்டம் என்றாலும் போதாது. அவருடைய தம்பி வழியில் வந்தவர்களுக்கே, பட்டயத்தில் தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய, உரிமை இல்லை. கடைக்காரர் விற்பது யாரோ ஒருவருடைய சின்னம்.

சரி, பெயருக்கு வருவோம். ஷஃபிள்பாட்டம் என்றதும் சிரிப்பு வரும், கூடவே காலை இழுத்து (ஆங்கிலத்தில் ஷஃபிள்) நடந்த தாத்தா கதை ஒன்றும் வரும். கதை பொய். லங்காஷயரில் பெரி என்ற ஊரின் பழைய பாரிஷுக்குள் (தேவாலயப் பங்கு எல்லைக்குள்) ஷிப்பர்பாட்டம் என்று ஓர் இடம் இருந்தது, பெயர் அங்கிருந்து வந்தது. இடைக்கால ஆவணங்களில் அது ஷிப்பிவாலிபோதெம் போன்ற வடிவத்தில் இருக்கிறது. செம்மறியாடுகளைக் கழுவும் ஓடை இருந்த பள்ளத்தாக்கு என்பது பொருள். பழைய ஆங்கிலத்தில் பாட்டம் என்றால் பள்ளத்தாக்கின் அடித்தளம். இன்று எல்லோரும் நினைக்கும் 'பின்புறம்' என்ற அர்த்தம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் எழுத்தில் ஏறியது. பெயர் அதற்குப் பல நூறு ஆண்டு மூத்தது.

வட இங்கிலாந்தில் பென்னைன் மலையின் மேற்குச் சரிவில் இந்த வகைப் பெயர்கள் மண்டிக் கிடக்கின்றன: ராம்ஸ்பாட்டம், ரோபாட்டம், விண்டர்பாட்டம், சைட்பாட்டம். கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த இயன் போத்தமின் பெயரும், ரயன் சைட்பாட்டமின் பெயரும் இதே பள்ளத்தாக்குச் சொல்லில் பிறந்தவைதான். (ராம்ஸ்பாட்டத்தில் இருப்பது ஆட்டுக்கிடாயா காட்டுப்பூண்டா என்று பெயராய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். அதில் நாம் தலையிட வேண்டாம்.)

"நாங்கள் ஷஃபிள்போத்தம், பாட்டம் இல்லை, வேறு குடும்பம்" என்று சொல்பவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். எழுத்தை வைத்துக் குடும்பம் பிரிக்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் கௌரவம் கருதிச் சிலர் போத்தமுக்கு மாறினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த உச்சரிப்பு இடைக்கால வடிவத்திலேயே இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 1754-க்குப் பிந்தைய திருமணப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். மணமகன் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருந்தால், அவர் பெயரை எப்படி எழுதுவது என்று முடிவு செய்தவர் பாதிரியாரோ குமாஸ்தாவோதான். ஒரே தகப்பனின் பிள்ளைகள் மூன்று எழுத்துக் கோர்வையில் ஞானஸ்நானம் பெற்றிருப்பது சர்வசாதாரணம்.

இதனால் வரும் நடைமுறைச் சிக்கல் பெரியது. பல இணையதளங்கள் ஒலி ஒற்றுமையைப் பிடிக்க சவுண்டெக்ஸ் முறையைப் பயன்படுத்துகின்றன. அது பெயரை ஓர் எழுத்தும் மூன்று எண்ணும் கொண்ட குறியீடாக்கி, ஒரே குறியீடு உள்ளவற்றை ஒன்றாகக் காட்டும். அந்த முறையில் ஷஃபிள்பாட்டம், ஷஃபிள்போத்தம் இரண்டும் எஸ்-141. ஷிப்பர்பாட்டமோ எஸ்-161. ஷிப்போபாட்டம் எஸ்-113. குமாஸ்தா காதில் ஷட்டில்பாட்டம் என்று விழுந்திருந்தால் எஸ்-341. அதாவது "ஒத்த ஒலி" பெட்டியில் டிக் அடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால் பாதிக் குடும்பம் தப்பிவிடும். அதற்குப் பதில் நட்சத்திரக் குறியைப் பயன்படுத்துங்கள்: எஸ், நட்சத்திரம், பி-ஓ-டி, நட்சத்திரம், எம் (S*bot*m). சைட்பாட்டங்களும் வலையில் விழுவார்கள், கையால் பொறுக்கிப் போட வேண்டும். வேறு வழியில்லை.

எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது? தேடுபொறியில் முதலில் வரும் உலகத் தரவரிசை எண்ணை நம்பாதீர்கள். அது மதிப்பீடு, அதிலும் ஒரே ஒரு எழுத்துக் கோர்வைக்கானது. 1881 சென்சஸ் முழுவதும் பெயர்த்தெழுதப்பட்டு இணையத்தில் கிடைக்கிறது. எல்லா வடிவங்களையும் அதில் தேடி, கூட்டி, மாவட்ட வாரியாகப் பிரியுங்கள். லங்காஷயர், செஷயர், ஸ்டாஃபர்ட்ஷயர் என்று பெயர் எங்கே குவிந்திருக்கிறது என்பது அப்போது புரியும். எண்ணிக்கையைவிட அந்தக் குவியல்தான் உங்களுக்குப் பயன்படும்.

அரிய பெயர் என்றால் வேலை சுலபம் என்று நினைக்கிறார்கள். ஆபத்தே அங்கேதான். அபூர்வப் பெயரில் ஒரு ஜான் கிடைத்ததும் "இவர்தான்" என்று மரத்தில் ஒட்டிவிடுகிறார்கள். நான்கு அண்ணன் தம்பிகள் ஒரே ஊரில் இருந்தால், நால்வரும் மூத்த மகனுக்குத் தாத்தா பெயரான ஜானையே வைப்பார்கள். ஆகவே ஞானஸ்நானப் பதிவு கிடைத்தவுடன் அடக்கப் பதிவேட்டைப் புரட்டுங்கள். உங்கள் ஜான் இரண்டு வயதிலேயே போய்ச் சேர்ந்திருந்தால், அவருக்கு நீங்கள் கட்டிவைத்த மனைவியும் ஒன்பது பிள்ளைகளும் வேறொருவருடையவர்கள்.

தேடலை இன்றிலிருந்து பின்னோக்கித்தான் நடத்த வேண்டும். சிவில் பதிவு, அதாவது அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு, 1837 ஜூலை 1-இல் தொடங்குகிறது. அட்டவணை காலாண்டு வாரியானது, பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு, எனவே டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் இருக்கலாம். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் பழைய அட்டவணையில் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். பதிவாளர் நாயக அலுவலகத்தின் இணைய அட்டவணையில் 1837 முதலே உண்டு. அதைப் பாருங்கள். 1841 சென்சஸில் 15-க்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள், பிறந்த ஊரும் இருக்காது. ஊர் வேண்டுமென்றால் 1851. லங்காஷயர் பெரி வேறு, சஃபோக்கில் உள்ள பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் வேறு. இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1837-க்கு முன் பாரிஷ் பதிவேடுகள்தான் கதி. பதிவேடு வைக்கச் சொல்லி 1538-இல் ஆணை வந்தது, ஆனால் எல்லா ஊரிலும் ஆரம்பத்துப் பதிவேடுகள் மிஞ்சவில்லை. குடும்பம் பாப்டிஸ்ட் அல்லது வேறு சபையாக இருந்தாலும் 1754 முதல் 1837 வரை திருமணம் ஆங்கிலிக்கன் கோயிலில்தான் நடந்திருக்க வேண்டும், குவேக்கர் சபையினரும் யூதர்களும் மட்டும் விலக்கு. ஆகவே ஞானஸ்நானம் கிடைக்கவில்லை என்றாலும் திருமணத்தை அங்கே தேடுங்கள்.

தேதி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. 1731 ஏப்ரலில் திருமணம், 1731 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று பதிவேட்டில் இருந்தால், நம் கணக்கில் அது 1732 பிப்ரவரி. திருமணத்துக்குப் பத்து மாதம் கழித்துப் பிறந்த குழந்தை. மூதாட்டியின் நடத்தையைச் சந்தேகிக்கும் முன் காலண்டரைச் சந்தேகியுங்கள்.

ஒரே பெயர்க்காரர்கள் எல்லோரும் ஒரே ரத்தமா? லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 40 குடும்பப் பெயர்களை எடுத்து தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். ஸ்மித் போன்ற பரவலான பெயரில் ஒற்றுமை ஏதும் இல்லை, அரிய பெயர்களில் பொது முன்னோர் வலுவாகத் தெரிந்தார். ஆனால் அவற்றிலும் ஒட்டாதவர்கள் இருந்தார்கள். தத்து, தாயின் பெயரை எடுத்த பிள்ளை, பெயரை மாற்றிக்கொண்ட மாப்பிள்ளை என்று காரணங்கள் பல. இங்கிலாந்தில் பெயர் மாற்ற எந்தப் பத்திரமும் கட்டாயமில்லை, எனவே பத்திரம் கிடைக்கவில்லை என்பதை வைத்து எதையும் மறுக்க முடியாது.

சென்னை ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்துப் பதிவேடுகளில் குதிக்கும் முன், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசையைப் பாருங்கள். மதராஸ் மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் அதில்தான். இந்தியத் தாயின் பெயர் பல பதிவுகளில் வெறுமனே விடப்பட்டிருக்கும், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். அரிய ஆங்கிலப் பெயர் கையில் இருக்கிறது என்பதற்காக, எழுத்து ஒத்துப்போகும் ஏதோ ஒரு லங்காஷயர் குடும்பத்தோடு அதை இணைத்துவிடாதீர்கள். கப்பல் ஏறிய அந்த மனிதரின் ராணுவச் சேர்க்கைப் பதிவில் பிறந்த பாரிஷ் எழுதியிருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். இணையத்தில் யாரோ கட்டிவைத்த வம்ச மரத்தில் ஆதாரம் என்ற இடத்தில் இன்னொரு இணைய மரம் மட்டும் இருந்தால், நகலெடுக்காமல் மூடிவிடுங்கள்.