சொல் விளக்கம்: தாய்ப்பலகை

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கணினிக் கடைக்குப் போய் 'தாய்ப்பலகை இருக்கிறதா?' என்று கேட்பவர் யாரும் இல்லை. கணினியின் உறுப்புகளையெல்லாம் தாங்கி இணைக்கும் அந்த அடிப்பலகையை மதர்போர்டு என்று முழுதாகச் சொல்பவர்களே குறைவு. 'போர்டு' என்றாலே எல்லாருக்கும் புரிகிறது. கணினியில் எத்தனையோ அட்டைகள் இருந்தாலும், பழுது பார்ப்பவர் கணினியைத் திறந்து பார்த்துவிட்டு 'போர்டு போய்விட்டது' என்றால் அது இந்த ஒன்றைத்தான் குறிக்கும். தாய்ப்பலகை என்பது நூல்களிலும் தேர்வுத்தாளிலும் வாழும் சொல். ஆனாலும் அது நல்ல சொல். விலையுயர்ந்த போர்டு வாங்கப் போகிறவருக்கு அதன் பொருள் பயன்படவும் செய்யும்.

முதலில் எழுத்து. தாய் + பலகை = தாய்ப்பலகை. இடையில் ப் மிகும். 'தாய்பலகை' என்று எழுதுகிறவர்கள் தாய்ப்பால் என்ற சொல்லை ஒருமுறை எழுதிப் பார்த்தால் போதும்.

ஆங்கிலத்தில் இதற்கு 'மதர்' என்ற அடைமொழி வந்தது பெருமைக்காக அன்று. அதில் செருகப்படும் சிறு அட்டைகளை 'டாட்டர் போர்டு', அதாவது மகள் பலகை என்று சொல்லும் வழக்கம் இருந்தது. மகள்களைத் தாங்குவதால் இது தாய். 1975இல் வந்த ஆல்டேர் 8800 கணினியில் கணக்கிடும் மூளையான செயலிகூட (பிராசசர்) தனி அட்டையாகவே இருந்தது. நினைவகம் (ராம்) ஓர் அட்டை, வெளியுலகத் தொடர்புக்கு இன்னோர் அட்டை. எல்லாம் 100 முனைகள் கொண்ட ஒரே மாதிரியான துளைகளில் (ஸ்லாட்) வரிசையாக நின்றன. அடியில் இருந்த பலகைக்குத் தாங்குவதும் இணைப்பதும் தவிர வேறு வேலை பெரிதாக இல்லை. 1981இல் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டபோது செயலி அடிப்பலகைக்கே வந்துவிட்டது. ஆனால் திரையில் படம் வருவதற்கும், பிளாப்பி ஓடுவதற்கும் தனித்தனி அட்டைகள் வேண்டியிருந்தன. அவற்றுக்கு ஐந்து துளைகள். ஐ.பி.எம். அதை 'சிஸ்டம் போர்டு' என்றது. ஆப்பிள் 'லாஜிக் போர்டு' என்கிறது. மக்கள் வாயில் நின்றது மதர்போர்டுதான்.

தமிழில் தாய் என்ற முன்னொட்டு ஏற்கெனவே நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் சொல். நிலம் வாங்கப் போனால் முதலில் கேட்பது தாய்ப்பத்திரம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கன்று ஒட்டுக்கட்டுகிறவர்கள் குச்சி வெட்டுவது தாய்மரத்திலிருந்து. வாழைத் தோப்பில் தாய்வாழையும் கன்றும் உண்டு. இவை எல்லாவற்றிலும் தாய் என்றால் எதிலிருந்து மற்றது பிறந்ததோ அது. தாய்ப்பலகை அப்படிப்பட்டதன்று. அதில் அமரும் எதுவும் அதற்குப் பிறந்ததில்லை. செயலி ஒரு நிறுவனம் செய்தது, நினைவகம் இன்னொன்று, திரைக்குப் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு வேறொன்று. யாரோ பெற்ற பிள்ளைகளை ஓரிடத்தில் அமர்த்தி, ஊட்டி, ஒன்றோடொன்று பேச வைப்பதுதான் அதன் பணி. அகப்பாடல்கள் பெற்றவளை நற்றாய் என்றும் வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் பிரித்துச் சொல்லும். அந்தக் கணக்கில் மதர்போர்டு செவிலி. சொல்லை மாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. தாய்ப்பலகை என்பதே இருக்கட்டும். மகள் பலகைக்குச் சேய்ப்பலகை என்று வைத்துக்கொண்டால் இணை அழகாக அமையும்.

அடுத்து பலகை. ஆங்கிலத்தின் 'போர்டு' ஒரே சொல்லாக மரப்பலகையையும் ஆட்சிக்குழுவையும் குறிக்கிறது. நாம் இரண்டையும் பிரித்துக்கொண்டோம். குழு என்றால் வாரியம்: உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம், இன்று மின்வாரியம். தட்டையான பொருள் என்றால் பலகை: பெயர்ப்பலகை, கரும்பலகை, சுற்றுப்பலகை. தொடக்க கால வானொலி ஆர்வலர்கள் மெய்யாகவே மரப்பலகையில் ஆணி அடித்துத்தான் கம்பி இணைத்தார்கள். எனவே மரத்தின் பெயர் மின்னணுவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஓசூர் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கன்னடத்தில் தாய் 'தாயி', பலகை 'ஹலகெ'. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும் வழக்கப்படி பால் 'ஹாலு' ஆனது போலத்தான் இதுவும். தெலுங்கில் 'பலக' என்றால் எழுதும் சிலேட்டு. மூன்று மொழியும் புழங்கும் அந்த ஊரில் தாய்ப்பலகை என்று சொன்னால் தமிழ் தெரியாதவருக்கும் பாதி புரிந்துவிடும்.

ஒரு சிறு குறும்பு. தருமபுரியின் பழம்பெயர் தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர். மதர்போர்டு என்பது கண்ணாடி இழைப் பலகைக்குள் செப்புத் தகடுகளை அடுக்கி அழுத்திச் செய்வது. மலிவான போர்டில் நான்கு அடுக்கு, நல்லதில் ஆறு, விலை உயர்ந்ததில் எட்டும் அதற்கு மேலும். பெயர் வைக்கும் உரிமை தகடூர்க்காரர்களிடம் இருந்திருந்தால் 'தாய்த்தகடு' என்று வைத்திருப்பார்கள். அதுவும் பொருந்தியே இருக்கும்.

இனி, விளையாட்டுக் கணினிக்கு உயர்ரகப் போர்டு தேர்ந்தெடுப்பது. 'உயர்ரகம்' என்பதே ஐயத்துக்குரிய மொழிபெயர்ப்பு. உயர்ரக அரிசி என்றால் சோற்றில் வேறுபாடு தெரியும். ஒரே செயலியையும் ஒரே கிராபிக்ஸ் கார்டையும் சுமார் இருபதாயிரம் ரூபாய்ப் போர்டிலும் அறுபதாயிரம் ரூபாய்ப் போர்டிலும் மாற்றி மாற்றிப் பொருத்தினால், விளையாட்டில் நொடிக்கு ஓடும் படங்களின் எண்ணிக்கையில் வேறுபாடு அநேகமாக இருக்காது. இங்கே உயர்ந்திருப்பது விலை. 'உச்சவிலைப் போர்டு' என்றால் நேர்மையாக இருக்கும். லட்சத்தைத் தாண்டும் போர்டுகளும் கடையில் கிடைக்கின்றன.

அனுபவமுள்ள கடைக்காரரிடம் போய் 'அண்ணா, நல்ல கேமிங் போர்டு ஒன்று காட்டுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். 'தம்பி, முதலில் கார்டு எது, பிராசசர் எது, எத்தனை எஸ்.எஸ்.டி. என்று சொல்லுங்கள்' என்பார். சரியான வரிசை அதுதான். சேய்களை முடிவு செய்த பிறகே செவிலியைத் தேட வேண்டும்.

பழைய காலத்துச் சேய்களில் பாதி இப்போது இல்லை. ஒலி அட்டையும் வலையமைப்பு அட்டையும் போர்டிலேயே கரைந்துவிட்டன. நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி 2003இல் செயலி செய்யும் நிறுவனமான ஏ.எம்.டி.யின் அத்லான் 64 செயலிக்குள் போனது. இன்டெல் 2008இல் அதே வழிக்கு வந்தது. மிஞ்சியவை கிராபிக்ஸ் கார்டு, நினைவகக் குச்சிகள், எம்.2 என்ற சிறு துளையில் படுத்துக் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.க்கள். இவற்றில் மூத்த மகளான கிராபிக்ஸ் கார்டு தாயைவிடக் கனமானவள், விலையும் கூடியவள். இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள கார்டுகள் உண்டு. அதற்காகத்தான் கார்டு நிற்கும் நீளத் துளைக்கு எஃகுக் கவசம் போடுகிறார்கள். ஆனால் அந்தத் துளை வழியாகப் போர்டு தரும் மின்சாரம் 75 வாட் மட்டுமே. 2025இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டுக்கு 575 வாட் வேண்டும். மீதியை அது நேராக மின்வழங்கியிலிருந்து (பவர் சப்ளை) தனிக் கேபிளில் வாங்கிக்கொள்கிறது. ஆகவே 'பெரிய கார்டு, அதனால் பெரிய போர்டு' என்ற பேச்சில் மின்சாரத்தைப் பொறுத்தவரை சாரமில்லை.

போர்டு மெய்யாகவே ஊட்ட வேண்டியது செயலிக்கு. மின்வழங்கியிலிருந்து வரும் 12 வோல்ட்டைச் செயலி அப்படியே குடிக்காது, ஏறத்தாழ 1.2 வோல்ட்டாக இறக்கித் தர வேண்டும். செயலியின் இருபுறமும் தடித்த உலோகப் பாளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும் மின்னழுத்தச் சீராக்கியின் வேலை அது. கடையில் வி.ஆர்.எம். என்பார்கள். கணக்கைப் பாருங்கள்: 160 வாட்டை 1.2 வோல்ட்டில் கொடுக்க 130 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். வீட்டில் 1000 வாட் இஸ்திரிப்பெட்டி இழுப்பதே நான்கு ஆம்பியர் சொச்சம்தான். இவ்வளவையும் ஒரே வழியில் விட்டால் சூடாகிவிடும் என்பதால் பல கிளைகளாகப் பிரிக்கிறார்கள். பெட்டியில் 18+2+2 என்று அச்சிட்டிருப்பது அந்தக் கிளைகளின் எண்ணிக்கை. முதல் எண்தான் செயலியின் கருக்களுக்கு (கோர்). ஒரு கிளைக்கு 110 ஆம்பியர் தாங்குதிறன் என்றால் 18 கிளைக்கு 1980 ஆம்பியர். நம் தேவை 130. எட்டுக் கரு கொண்ட, ஏ.எம்.டி.யின் ரைசன் 7 9800எக்ஸ்3டி போன்ற விளையாட்டுச் செயலிக்கு நடுவிலைப் போர்டே தாராளம். பதினாறு கரு செயலியை நாள் முழுக்க முழுச்சுமையில் ஓட்டுகிறவர்களும், வேகத்தை வரம்பு மீறி ஏற்றிப் பார்ப்பவர்களும் வேண்டுமானால் கிளைகளை எண்ணட்டும். தருமபுரியின் சித்திரை வெயிலில் குளிரூட்டி இல்லாத அறை என்றால், கிளையின் எண்ணிக்கையைவிட அந்த உலோகப் பாளம் எவ்வளவு கனம், மேலே காற்றோட்டம் இருக்கிறதா என்பது முக்கியம். வெறும் பிளாஸ்டிக் மூடியை வெள்ளி நிறம் பூசி விற்பதும் உண்டு. விரலால் தட்டிப் பார்த்தாலே தெரியும்.

உச்சவிலைப் போர்டில் பலரும் ஏமாறும் இடம் பாதைகள். செயலியிலிருந்து போர்டுக்கு வரும், தரவு ஓடும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதைகளுக்கு அளவு உண்டு. ஏ.எம்.5 என்ற சாக்கெட்டில் அமரும் ரைசன் செயலியில் பயன்படுத்தக் கிடைப்பவை 24. கார்டுக்கு 16 போனால் மீதம் எட்டு. அதில் எம்.2 துளை ஒன்றுக்கு நான்கு. எக்ஸ்870இ என்ற சில்லுத்தொகுதி (போர்டின் துணைச் சில்லுகள், சிப்செட்) கொண்ட போர்டுகளில் அதிவேக யு.எஸ்.பி.4 துளை கட்டாயம் என்பதால் பெரும்பாலும் அதற்கு நான்கு. கணக்கு தீர்ந்தது. அப்படியானால் பெட்டியில் போட்டிருக்கும் ஐந்து எம்.2 துளைகளும் எங்கிருந்து உண்ணும்? சில, சில்லுத்தொகுதி வழியாக நான்கே பாதைகளைப் பங்கிட்டுக்கொள்ளும். சில, கார்டின் பதினாறிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். குறிப்பிட்ட துளையில் எஸ்.எஸ்.டி. போட்டதும் கார்டு எட்டுப் பாதைக்கு இறங்கிவிடும். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸின் ஐந்தாம் தலைமுறைக் கார்டில் எட்டுப் பாதை என்பது நான்காம் தலைமுறையின் பதினாறுக்குச் சமம் என்பதால் விளையாட்டில் இழப்பு சிறிதுதான். ஆனாலும் அறுபதாயிரம் கொடுத்து வாங்கியவருக்குத் தெரியாமல் இது நடப்பது நியாயமில்லை. கையேட்டில் எந்தத் துளை எதனோடு பங்கிடுகிறது என்று ஓர் அட்டவணை இருக்கும். போர்டு வாங்குமுன் படிக்க வேண்டிய ஒரே பக்கம் எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

நினைவகத்திலும் இதே கதை. நான்கு துளை இருக்கிறதே என்று நான்கு குச்சி போட்டால் வேகம் குறையும். ரைசன் 9000 வரிசையில் இரண்டு குச்சிக்கு ஏ.எம்.டி. உறுதியளிக்கும் வேகம் நொடிக்கு 5600 மெகா பரிமாற்றம், நான்குக்கு 3600. இரண்டு குச்சியாக வாங்கி, செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் போடுவதே வழக்கம். நினைவக வேகத்துக்காகவே செய்யப்படும் சில உச்சவிலைப் போர்டுகளில் துளையே இரண்டுதான் இருக்கும். அதிகம் கொடுத்துக் குறைவாக வாங்கும் வினோதம் அங்கே நியாயமாகிறது.

அளவைப் பற்றிச் சுருக்கமாக. இன்டெல் 1995இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவு 305 மி.மீ.க்கு 244 மி.மீ. உச்சவிலைப் போர்டுகள் பல இதைவிட அகலமான இ-ஏ.டி.எக்ஸ்.; கேபினெட் கொள்ளுமா என்று அளந்து பார்க்க வேண்டும். 10 கிகாபிட் வலைத்துளைக்குக் காசு கொடுப்பதும் யோசிக்க வேண்டியது. வீட்டுக்கு வரும் இணைப்பு 100 மெகாபிட் என்றால் அந்தத் துளைக்கு அங்கே வேலையில்லை.

அதிகம் கொடுக்கத் தகும் வசதிகளாக நான் நினைப்பவை இரண்டு. செயலி இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸை, அதாவது கணினியை எழுப்பும் அடிப்படை நிரலைப் புதுப்பிக்கும் பொத்தான் ஒன்று. புதுச் செயலியைப் பழைய பயாஸ் அடையாளம் காணாவிட்டால், இரவல் செயலி தேடிச் சிறு ஊரில் எங்கே போவது? மற்றது, கணினி எழாவிட்டால் காரணத்தை இரண்டு எழுத்துக் குறியாகக் காட்டும் சின்னத் திரை. இவை நடுவிலைப் போர்டுகளிலும் இப்போது அங்கங்கே கிடைக்கின்றன.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரின் கணினிச் சந்தையான எஸ்.பி. ரோடு சுமார் 90 கிலோமீட்டர். சென்னை ரிச்சி தெரு அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். ஆகவே இந்தப் பக்கத்துக்காரர்கள் பெங்களூருக்கே பஸ் ஏறுகிறார்கள். வாங்கும்போது பில்லில் போர்டின் வரிசை எண் எழுதியிருக்கிறதா, பழுதானால் எந்த ஊரில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஏ.எம்.5 சாக்கெட்டில் 1718 ஊசிமுனைகள் போர்டின் பக்கம் இருக்கின்றன, செயலியின் பக்கம் இல்லை. அவற்றின் மேல் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி வரும். செயலியைப் பொருத்தியதும் அது தெறித்துக் கழலும். குப்பையில் போடாமல் போர்டு வந்த பெட்டியிலேயே போட்டு வையுங்கள். உத்தரவாதத்தில் திருப்பி அனுப்பும்போது மூடி இல்லாத போர்டை வாங்க மறுக்கிறார்கள்.