மஸ்கி மீனுக்கு எந்த ரீல்? கணக்கு பல்சக்கரத்தில் இருக்கிறது

அமெரிக்காவின் விஸ்கான்சின், மினசோட்டா ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்கள் மஸ்கியைப் ‘பத்தாயிரம் வீச்சு மீன்’ என்பார்கள். ஒரு மீட்டருக்கு மேல் வளரும் இந்த வேட்டை மீன் லேசில் கடிக்காது. பகல் முழுக்க வீசுவதும் சுற்றுவதும்தான் வேலை. தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவியான ரீலை வாங்கும்போது பலரும் மீனின் எடையை நினைத்துக்கொண்டு வாங்குகிறார்கள். மீனே மாட்டாமல் சுற்றப்போகும் ஆயிரக்கணக்கான சுற்றுகளைத்தான் முதலில் நினைக்க வேண்டும் என்பேன்.

மஸ்கிக்கு வைக்கும் ‘பெய்ட்காஸ்டிங்’ வகை ரீல் கோலின் மேல்பக்கம் உட்காரும். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உள்ளே நரம்பு சுற்றிய உருளையான ஸ்பூல் பலமுறை சுழலும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கியில் இதைச் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் கடிகாரம் செய்கிறவர். பல்சக்கரம் அவருக்குக் கைவந்த கலை.

ரீலில் 5.3:1, 7.3:1 என்று போட்டிருப்பது இந்தப் பெருக்கத்தைத்தான். நரம்பு நிறைந்த ஸ்பூலின் விட்டம் 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், சுற்றளவு ஏறக்குறைய 12.6 செ.மீ. ஒரு சுற்றுக்கு முதல் ரீல் 67 செ.மீ. நரம்பை இழுக்கும், இரண்டாவது 92 செ.மீ. அப்படியானால் வேகமானதையே வாங்கிவிடலாமே?

சரி, இழுத்துப் பார்ப்போம். மஸ்கிக்குப் பெயர்போன செயற்கை இரை ஒன்று உண்டு: பின்னால் மயிர்க்குஞ்சம், முன்னால் உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு உலோகத் தகடுகள். தகடுகள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே சுழல்வதால் கோல் முழுக்க அதிரும். இழுவை 1.5 கிலோ, கைப்பிடியின் கரம் 5 செ.மீ. என்றால், நெம்புகோல் கணக்குப்படி 5.3 ரீலில் கை 3.2 கிலோ தள்ள வேண்டும், 7.3 ரீலில் 4.4 கிலோ. அதோடு முடியவில்லை. கை அதே வேகத்தில் சுற்றினால் வேகமான ரீலில் இரையும் வேகமாக ஓடும். நீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் இழுவையே கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். மதியத்துக்குள் மணிக்கட்டு விட்டுப்போகும். பெரிய தகடு இரைக்கு 5.3, நீளமான கைப்பிடி என்பதே என் தேர்வு. கோலை வெட்டி வெட்டி இழுத்து ஆட்டும் மர இரைகளுக்கு மட்டும் வேகமான ரீல் பொருந்தும். அங்கே இரையை அசைப்பது கோல். தொய்ந்த நரம்பைச் சட்டென்று அள்ளுவதுதான் ரீலின் வேலை.

அப்புறம் வீச்சு. இரை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் ஸ்பூல் நொடிக்கு 160 சுற்று சுழல வேண்டும். காற்று இரையின் வேகத்தைக் குறைக்கும். ஆனால் நரம்பைச் சுமந்த கனத்த ஸ்பூல், நிலைமத்தால் அதே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே பொங்கிச் சிக்காகிவிடும். இதைத் தடுக்க இரண்டு வகை பிரேக் உண்டு. ஒன்றில் சின்ன எடைகள் சுழற்சியால் வெளிப்பக்கம் நகர்ந்து ஒரு வளையத்தில் உரசும். வீச்சின் தொடக்கத்தில் பலமாகப் பிடித்து, வேகம் குறையக் குறைய விட்டுவிடும். இன்னொன்றில் காந்தங்கள் உலோக ஸ்பூலில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி, தொடாமலே பிடிக்கும். இரண்டு இருந்தாலும் இரை தண்ணீரைத் தொடும் நொடியில் கட்டைவிரல் ஸ்பூலை அழுத்தியே ஆக வேண்டும்.

கடைசியாக டிராக், அதாவது மீன் பலமாக இழுத்தால் நரம்பை இறுக்கத்தோடு வழுக்கவிடும் பிடி. மஸ்கி இரையின் பின்னாலேயே படகு வரை வரும். அதனால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் கோல் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, பெரிதாக 8 போடுவார்கள். அப்போது நுனிக்கு வெளியே இருப்பது கொஞ்சம் நரம்புதான், அதுவும் பின்னிய நரம்பு, நீண்டு கொடுக்காது. மீன் அங்கே கடித்துத் திரும்பினால் அதிர்ச்சியைத் தாங்க வளையும் கோலும் டிராக்கும்தான் உண்டு. கடையிலேயே டிராக்கை இறுக்கி, நரம்பைக் கையால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரே சீராக வழுக்கி வராமல் விட்டு விட்டு வந்தால் அந்த ரீலை வைத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.